எம்1916 ஜெர்மன் ஹெல்மெட் நகல்: வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

முதல் உலகப் போர் நாடகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் எம்1916 எஃகு ஹெல்மெட்டின் நகல்கள் விற்பனைக்கு வருகின்றன. மலிவு ரகத்தில் பல இந்தியத் தயாரிப்பு. வெளி வடிவம் பரவாயில்லை. சொதப்பல் எல்லாம் உள்ளேதான்.

ஜெர்மன் சிப்பாய்கள் முதலில் தோல் தொப்பியோடுதான் பதுங்குகுழிக்குப் போனார்கள். குழிக்குள் உடலுக்கு மண் காப்பு. தலைக்கு எதுவும் இல்லை. சின்னஞ்சிறு குண்டுச் சில்லுகூட மண்டையைத் துளைத்து மூளைக்குள் இறங்குவதை அறுவை மருத்துவர் ஆகுஸ்ட் பீர் கண்டார். ஹானோவரைச் சேர்ந்த பொறியாளர் ஃப்ரீட்ரிஷ் ஷ்வெர்ட் ஹெல்மெட்டை வடிவமைத்தார். 1916 பிப்ரவரியில் அது பிரான்சின் வெர்டன் போர்முனைக்கு வந்தது.

அசலில் உள்வளையத்தை மூன்று பிளவு ஆணிகள் (நுனி இரண்டாகப் பிரிந்து மடங்குபவை) பிடித்திருக்கும். அதில் மூன்று தோல் திண்டுகள். அவற்றின் பின்னால் உள்ள பைகளில் குதிரைமுடி மெத்தைகள். திணிப்பைக் கூட்டியோ குறைத்தோ அவரவர் தலைக்குப் பொருத்திக்கொள்ளலாம். எஃகு ஓட்டுக்கும் மண்டைக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், எஃகு நசுங்கினாலும் அடி நேரே தலையில் இறங்காது. எஃகு ஓடும் 60, 62, 64 என்று பல அளவுகளில் வந்தது. மலிவு நகல்களிலோ எல்லாருக்கும் ஒரே அளவு, பசை போட்டு ஒட்டிய ஸ்பாஞ்ச். வியர்வையில் பசை விட்டுவிடும். ஒரு கிலோ எடை, குனிந்ததும் கண்ணை மறைக்கும். பதுங்குகுழிக் காட்சி முழுக்கக் குனிந்து நடப்பதுதானே! போட்டுக்கொண்டு, தலையைத் தாழ்த்தி ஆட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகள் அலங்காரம் அல்ல. அவை காற்றுத் துளைகள். கூடுதல் நெற்றித் தகட்டை மாட்டும் கொக்கியும் அவையே. இரண்டு கிலோவுக்கு மேல் கனத்த அந்தத் தகடு காவலாளிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்காரருக்கும்தான் பயன்பட்டது; கழுத்து தாங்காது. எல்லா ஓட்டிலும் தகடு ஒரேபோல் உட்கார வேண்டும் என்பதால், சிறிய அளவுகளில் கொம்பின் அடியில் ஒரு படி இருக்கும். கொம்பில் துளையே இல்லாத நகலை ஒதுக்கிவிடுங்கள்.

அசல் நிறம் பளபளப்பில்லாத சாம்பல் பச்சை. நகல் மினுமினுத்தால் 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, மேட் பெயின்ட் அடித்தால் போதும். பச்சை, காவி, பழுப்புத் திட்டுகளும் விரல் அகலக் கறுப்புக் கோடுகளும் 1918 ஜூலை உத்தரவுக்குப் பிறகு வந்தவை. 1916 சோம் போர்க் காட்சிக்கு அந்த ரகம் வேண்டாம்.

உள்ளே இடப்பக்கம் ‘இ.டி.64’ போன்ற முத்திரை அசலில் உண்டு: ஜெர்மனியின் தாலே ஆலை, 64 அளவு. துருவேற்றி, இதே முத்திரையைக் குத்தி, நகலை அசல் விலைக்குத் தள்ளுவது அப்பட்டமான மோசடி. முத்திரையை மட்டும் நம்பாமல் ஆணி, வளையம், கொம்பு மூன்றையும் சேர்த்துச் சோதியுங்கள்.