சிஏ 15-3 முதல் சிடிடிஎன்ஏ வரை: மார்பகப் புற்றைக் கண்காணிக்க எந்த ரத்தப் பரிசோதனை?

அக்காவுக்கு மார்பகப் புற்று எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுடைய ஃபைலைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. ஸ்கேன் ரிப்போர்ட் எனக்குப் புரியாது. புரிந்ததாக நான் நினைத்துக்கொண்ட ஒரே வரி சிஏ 15-3, புற்று ரத்தத்தில் உதிர்க்கும் ஒரு புரதத்தை அளக்கும் பரிசோதனை; இப்படிப்பட்டதை மார்க்கர் என்கிறார்கள். ஒரு எண் இருக்கும், பக்கத்தில் இயல்பான அளவு எவ்வளவு என்று போட்டிருக்கும், கூடியிருந்தால் தடித்த எழுத்தில் இருக்கும். ஒருமுறை 41. அடுத்த முறை 58. அன்றிரவு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மருத்துவர் எண்ணைப் பார்க்கும் முன் தாளின் தலைப்பைப் பார்த்தார். "போன தடவை எடுத்த லேப் இது இல்லையே?" என்றார். இல்லைதான். அவசரத்துக்கு வேறு இடத்தில் ரத்தம் கொடுத்திருந்தோம். பழைய இடத்திலேயே மறுபடி எடுத்தபோது 43.

அதற்கப்புறம்தான் இந்தப் பரிசோதனைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். சந்தையில் அரை டஜன் பெயர்கள் ஓடுகின்றன. எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. எண் கூடினாலோ குறைந்தாலோ சிகிச்சையில் எது மாறப்போகிறது என்று கேட்டால், ஒவ்வொன்றின் இடமும் ஓரளவு தெளிவாகிறது. இந்த அலசலை அந்த அளவுகோலை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். இவை எதுவும் புற்று இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்கான பரிசோதனைகள் அல்ல. சிஏ 15-3 முதல் நிலையில் சுமார் 9 சதவீதம் பேருக்குத்தான் கூடியிருக்கும். இரண்டாம் நிலையில் 19, மூன்றாம் நிலையில் 38, பரவிய நான்காம் நிலையில் 75 சதவீதம் வரை. ஆகவே ஆரம்ப நிலையில் இது இயல்பாக இருப்பதில் நிம்மதி கொள்ள எதுவும் இல்லை. முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் இதையும் சேர்த்து விற்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

சிஏ 15-3, சிஏ 27.29: பங்காளிகள்

இரண்டுமே தேடுவது எம்யூசி1 என்ற ஒரே புரதத்தை. பால் சுரப்பிச் செல்களின் மேற்பரப்பில் இது இயல்பாகவே உண்டு. பால் நாளத்தின் உட்புறம் பார்த்தபடி இருக்கும். செல் புற்றாக மாறும்போது அந்த ஒழுங்கு குலைகிறது. புரதம் அதிகமாக உற்பத்தியாகி, செல்லின் எல்லாப் பக்கங்களிலும் பரவி, உதிர்ந்து ரத்தத்தில் கலக்கிறது. சிஏ 15-3 பரிசோதனை அதைப் பிடிக்க இரண்டு எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகிறது. 115டி8 என்பது தாய்ப்பாலின் கொழுப்புத் துளிகளைச் சுற்றியுள்ள சவ்வை வைத்து உருவாக்கப்பட்டது. டிஎஃப்3 என்பது பரவிய மார்பகப் புற்றின் திசுவை வைத்து உருவாக்கப்பட்டது. ஒன்று பிடித்து வைத்துக்கொள்ள, இன்னொன்று அடையாளம் காட்டும். சிஏ 27.29-க்கு பி27.29 என்ற வேறொரு எதிர்ப்பொருள். அது ஒட்டுவதும் அதே புரதத்தில்தான்.

சிஏ 15-3-க்கு மேல் எல்லை மில்லிலிட்டருக்கு 30 யூனிட்டை ஒட்டி இருக்கும். கருவியைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். 27.29-க்குப் பெரும்பாலும் 38. நடைமுறையில் இரண்டும் சொல்லும் செய்தி ஒன்றுதான். அதனால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுப்பது ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுவது மாதிரி. ஒருமுறை இது, மறுமுறை அது என்று மாற்றுவதோ இன்னும் மோசம். 27.29-இல் வந்த 36-ஐ 15-3-இல் வந்த 29-உடன் ஒப்பிட்டு, கூடிவிட்டது என்று பதறுவதில் அர்த்தமே இல்லை. ஒரே பரிசோதனையாக இருந்தாலும் வெவ்வேறு நிறுவனக் கருவிகள் வெவ்வேறு எண் தரும் என்பதை எங்கள் 58 சொல்லிக்கொடுத்துவிட்டது.

சிஇஏ: பழைய ஆள், இரண்டாம் இடம்

1965-இல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் கண்டறிந்த புரதம் இது. கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் இருந்ததால், கார்சினோஎம்ப்ரியோனிக் ஆன்டிஜென் என்று பெயரிலேயே கரு (எம்ப்ரியோ) சேர்ந்துகொண்டது. பெருங்குடல் புற்றில் இன்றும் இதுதான் முதன்மை. மார்பகத்தில் அப்படி இல்லை. நோய் பரவியவர்களிலேயே சிஏ 15-3 கூடும் அளவுக்கு இது அடிக்கடி கூடுவதில்லை. இன்னொரு சங்கடம், புகைபிடிப்பவர்களுக்கு இது தானாகவே சற்று உயர்ந்திருக்கும். அதனால் பல லேப்களில் புகைக்காதவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம், புகைப்பவர்களுக்கு 5 என்று இரண்டு எல்லை வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எதற்கு இது? நோய் பரவியிருந்தும் சிஏ 15-3 அசையாமல் இருக்கிற சிலருக்கு சிஇஏ ஏறியிருக்கும். சிகிச்சை தொடங்கும் முன் இரண்டையும் ஒருமுறை எடுத்துப் பார்த்து, எது ஏறியிருக்கிறதோ அதை மட்டும் தொடர்வது சிக்கனமான வழி. இரண்டுமே இயல்பாக இருந்தால், ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத ட்ரிபிள் நெகட்டிவ் வகையில் அப்படி அதிகம் நடக்கும், இந்தப் புரதங்களை விட்டுவிட்டு ஸ்கேனையும் அறிகுறிகளையும் நம்புவதே நல்லது. ஆரம்பத்திலேயே பேசாத மார்க்கர் பின்னால் பேசும் என்று எதிர்பார்த்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

எண் ஏன் பொய் சொல்கிறது

இந்தப் பகுதியைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும். கல்லீரல் அழற்சி, கல்லீரல் சுருக்கம், எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை அகப்படல நோய், புற்றல்லாத மார்பகக் கட்டிகள், கர்ப்பம், பாலூட்டும் காலம் என எதிலும் சிஏ 15-3 கூடலாம். வைட்டமின் பி12 குறைவால் வரும் ரத்தசோகையில்கூடக் கூடும். பி12 ஊசி போட்டதும் இறங்கும். புற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு பொறி புதிய மருந்து தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரங்கள். மருந்து வேலை செய்து செல்கள் சாகும்போது உள்ளிருக்கும் புரதம் வெளியே கொட்டும், எண் ஏறும். ஆங்கிலத்தில் ஃப்ளேர் என்கிறார்கள். அந்த ஏற்றத்தைப் பார்த்து, கேட்டுக்கொண்டிருக்கும் மருந்தையே நிறுத்திவிட்டால் நஷ்டம் நோயாளிக்குத்தான். அதனால்தான் அந்த வாரங்களில் வரும் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று வழிகாட்டிகள் எச்சரிக்கின்றன.

முடி வளர என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை இதற்கு எதிர்மாறு. சில கருவிகள் பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் சிஏ 15-3 போன்ற பரிசோதனைகளில் உண்மையைவிடக் குறைவான எண் வரும். கீமோவில் முடி கொட்டியவர்கள் அந்த மாத்திரையைத் தேடிப்போவது இயல்பு. ரத்தம் எடுப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, எவ்வளவு ஏறினால் கவனிக்க வேண்டும்? 41-க்கும் 43-க்கும் இடையே ஒன்றுமில்லை. அது கருவியின் மூச்சு. ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் ஏறி, அடுத்த முறையும் அதே திசையில் போனால்தான் ஸ்கேன் பக்கம் திரும்ப வேண்டும்.

சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர்களுக்கு?

இங்கேதான் கருத்து பிளக்கிறது. நோய் திரும்புவதை அறிகுறி வருவதற்குச் சராசரியாக 5, 6 மாதங்கள் முன்பே சிஏ 15-3 காட்டக்கூடும். கேட்கும்போது எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2007 வழிகாட்டியில் இதற்கு வேண்டாம் என்றே சொன்னது. அந்த மாதங்கள் முன்கூட்டித் தெரிந்ததால் ஆயுள் நீண்டது என்று யாரும் காட்டவில்லை. 1994-இல் இத்தாலியிலிருந்து வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், அறிகுறியே இல்லாதவர்களுக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தும் பிழைப்போர் எண்ணிக்கை மாறவில்லை. ஐரோப்பிய வல்லுநர்களில் சிலர் இவ்வளவு கறாராக இல்லை. அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் இன்றுள்ள மருந்துகள் இல்லை என்பது அவர்கள் பக்க நியாயம். எனக்கு அது புரிகிறது. ஆனாலும் ஆரோக்கியமாக இருக்கும் ஒருத்தியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடுங்க வைக்க அது போதுமான காரணம் இல்லை என்றே படுகிறது.

சிடிசி: எண்ணத் தெரிந்தது, முடிவெடுக்கத் தெரியவில்லை

புரதத்தை விட்டுவிட்டு, ரத்தத்தில் மிதக்கும் புற்றுச் செல்களையே (சுருக்கமாக சிடிசி) எண்ணிவிட்டால் என்ன? செல்சர்ச் என்ற கருவி 2004-இல் அமெரிக்க அனுமதியுடன் வந்தது. 7.5 மில்லி ரத்தத்தில் 5 செல்லோ அதற்கு மேலோ இருந்தால் நோயின் போக்கு கடுமையாக இருக்கும். குறைவாக இருந்தால் மெதுவாக இருக்கும். இந்தக் கணிப்பு மறுபடி மறுபடி சரியாகவே வந்தது.

அடுத்த கேள்வியில்தான் சறுக்கியது. எஸ்0500 என்ற ஆய்வில் முதல் சுற்றுக் கீமோவுக்குப் பிறகும் 5-க்குக் குறையாத பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே வேறு கீமோ, மறு பாதிக்கு அதே கீமோ. 2014-இல் வந்த முடிவில் ஆயுளில் வித்தியாசம் இல்லை. அதாவது இந்த எண்ணிக்கை கெட்ட செய்தியைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் அடுத்து எங்கே போவது என்று சொல்வதில்லை. பரவிய நோயில் முதல் சிகிச்சை ஹார்மோன் மருந்தா கீமோவா என்று தயங்கும் இடத்தில் இது உதவலாம் என்று பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அன்றாடக் கண்காணிப்புக்கு இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சில மார்பகப் புற்றுகளில் மிகுந்திருக்கும் ஹெர்2 புரதத்தை ரத்தத்தில் அளப்பது, தைமிடின் கைனேஸ் என்ற நொதியை அளப்பது என்று இன்னும் சில உண்டு. முதலாவது பெரிதாக எடுபடவில்லை. இரண்டாவதுக்கு ஹார்மோன் சார்ந்த பரவிய நோயில் 2022-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதன் இடம் இன்னும் உறுதியாகவில்லை.

சிடிடிஎன்ஏ: எண்ணோடு பெயரும் தருவது

சாகும் புற்றுச் செல்கள் தங்கள் டிஎன்ஏ துண்டுகளை ரத்தத்தில் விட்டுச் செல்கின்றன. அவைதான் சிடிடிஎன்ஏ. அவை சில மணி நேரத்துக்குள் அழிந்துவிடுவதால், நோயின் இன்றைய நிலையைக் காட்டுகின்றன. 2013-இல் வந்த ஓர் ஆய்வு மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்தியது. பரவிய நோயுள்ள 30 பெண்களில் 29 பேரிடம் சிடிடிஎன்ஏ கிடைத்தது. சிடிசி 30-க்கு 26. சிஏ 15-3 பார்க்கப்பட்ட 27 பேரில் 21 பேருக்குத்தான் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான். தவிர, பின்தொடரத் தக்க மரபணு மாற்றம் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தவர்கள் அந்த 30 பேரும். ஆனாலும் திசை தெரிந்தது.

இதன் உண்மையான பலம் ஆரம்பத்தில் வைத்த அளவுகோலில்தான் வெளிப்படுகிறது. சிஏ 15-3 ஏறினால் ஏதோ நடக்கிறது என்பதோடு சரி. சிடிடிஎன்ஏ எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பெயர் சொல்லும். பிஐகே3சிஏ என்ற மரபணு மாறியிருந்தால் ஆல்பெலிசிப் என்ற மருந்து. 2019-இலிருந்து உள்ள வழி. ஹார்மோன் மருந்து சாப்பிடச் சாப்பிட, அதற்குத் தப்பிக்கப் புற்று இஎஸ்ஆர்1 மரபணுவை மாற்றிக்கொண்டிருந்தால் எலாசெஸ்ட்ரன்ட், 2023-இல் வந்தது. ரத்தம் எடுத்ததற்குப் பதிலாக ஒரு மருந்தின் பெயர் கிடைக்கிறது.

ஸ்கேனில் தெரியும் முன்பே மாற்றினால்? பாடா-1 என்ற பிரெஞ்சு ஆய்வு அதைத்தான் சோதித்தது. ரத்தத்தில் இஎஸ்ஆர்1 தலைகாட்டியதும் ஹார்மோன் மருந்தை ஃபுல்வெஸ்ட்ரன்டுக்கு மாற்றியவர்களுக்கு நோய் 11.9 மாதம் அடங்கியிருந்தது, பழையதையே தொடர்ந்தவர்களுக்கு 5.7 மாதம். 2025-இல் செரீனா-6 ஆய்வு புதிய மாத்திரை ஒன்றுடன் இதே பாதையில் போய், மாற்றியவர்களுக்கு 16 மாதம், பழையதையே தொடர்ந்தவர்களுக்கு 9.2 என்று காட்டியது. இதனால் மொத்த ஆயுள் கூடியதா என்பதற்கு அந்த முடிவு வந்தபோது பதில் இல்லை; அதனால் வல்லுநர்களிடையே வாதம் நடக்கிறது. ஆனாலும் எஸ்0500 தோற்ற இடத்தில் இவை நின்றதற்கான காரணம் எனக்கு விளங்கியது. இங்கே மாற்றப்பட்ட மருந்து, தெரிந்த ஒரு மாற்றத்துக்கு எதிராகத் தேர்ந்தெடுத்தது.

குறைகள் இல்லாமலில்லை. கட்டி சிறியதாகவோ சோம்பேறியாகவோ இருந்தால் டிஎன்ஏ போதிய அளவு உதிராது. அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை என்ற ரிப்போர்ட், ஒன்றும் இல்லை என்று ஆகாது. திசுவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மூளைக்குள் மட்டும் பரவியிருந்தால் ரத்தம் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். வயதானவர்களின் ரத்தச் செல்களிலேயே சில மரபணுக்கள் மாறியிருக்கும். அதைப் புற்றினுடையது என்று தப்பாக எண்ணவும் இடமுண்டு. விலையோ சிஏ 15-3-ஐவிடப் பல மடங்கு. அதனால் மாதாமாதம் எடுப்பதற்கு இல்லை; நோய் முன்னேறி மருந்து மாற்றவேண்டிய வாசலில் நிற்கும்போது எடுக்க வேண்டியது.

எங்கள் ஃபைலில் இப்போது ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்க சிஏ 15-3 மட்டும், எப்போதும் ஒரே லேப்பில். அக்காவுக்கு சிஇஏ முதலிலிருந்தே இயல்பு, அதை விட்டுவிட்டோம். இஎஸ்ஆர்1 பரிசோதனையை மருந்து மாற்றும் நாளுக்கென்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே லேப்பின் பெயர், அந்த வாரம் காய்ச்சல் இருந்ததா, என்ன மாத்திரை புதிதாகச் சேர்ந்தது என்று நானே ஒரு கோடு போட்டு எழுதி வைக்கிறேன். போன முறை மருத்துவரிடம், "இன்னைக்கு எடுத்து எண் கூடியிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அக்காவே கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, "அடுத்த மாசம் எப்படியும் ஸ்கேன் இருக்கேம்மா, அதுவரைக்கும் எதையும் மாத்த மாட்டேன்" என்றார். அன்று ரத்தம் கொடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டோம்.