நிலத் திட்டங்களுக்கான பி.ஆர். பேக்கேஜ்: எதற்குப் பணம் தரலாம், எதை வெட்டலாம்

சாலை, அணை, தொழிற்பேட்டை, நகர விரிவாக்கம், நில மறு அளவை என்று நிலத்தைத் தொடும் திட்டங்களின் டெண்டரில் ‘மக்கள் தொடர்பும் ஊடகப் பணியும்’ தனி இனமாகவே இடம்பெறுகிறது. மக்கள் தொடர்பு (பி.ஆர்.) ஏஜென்சிகள் நீட்டும் பேக்கேஜ் பெரும்பாலும் ஒரே அச்சு: செய்திக் குறிப்புகள், செய்தியாளர் சந்திப்பு, ஊடகக் கண்காணிப்பு, சமூக ஊடகப் பக்கம், டிரோன் வீடியோ, கேள்வி-பதில் கையேடு, ஊர்க்கூட்டங்கள், புகார் எண், நெருக்கடி காலத் திட்டம். சோப்பு விற்கப் போட்ட அதே பவர்பாயின்ட் காட்சியில் படத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். சோப்பு பிடிக்காதவர் வேறு சோப்பு வாங்கிக்கொள்வார். வீட்டுக்குப் பின்னால் சர்வே கல் நடப்பட்டவருக்கு அந்த வசதி கிடையாது. பேக்கேஜின் ஒவ்வொரு உருப்படியையும் இந்தக் கணக்கில்தான் எடைபோட வேண்டும்.

முதலில் வரைபடம். பல பேக்கேஜ்களில் இது இருப்பதே இல்லை. இருந்தாலும் பளபளப்பான ஒரு ‘மாதிரித் தோற்றம்’. ஊர்க்காரர் தேடுவது தன் சர்வே எண்ணை. கிராமவாரியாகப் பிரித்து, உட்பிரிவு எண்ணோடு, கோயில், கிணறு, வண்டிப்பாதை, பள்ளி குறித்து, எல்லைக்கோடு ‘உத்தேசம்’ என்றால் உத்தேசம் என்றே எழுதி, பதிப்பு எண்ணும் தேதியும் போட்ட அச்சுப் படம்தான் வேலைக்கு ஆகும். கோடு மாறிய பிறகு பழைய படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவிர்க்க முடியாதது. பதிப்பு எண் இல்லாவிட்டால் எது பழையது என்று நிரூபிக்கவும் வழியில்லை. வரைபடத்தை யார் வரைவது, யார் ஒப்புதல் தருவது, மாறினால் எத்தனை நாளில் புதுப்பிப்பது என்பவை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் மற்றதைப் பேசிப் பயனில்லை.

அடுத்தது, யாருக்கு முதலில் சொல்வது. தன் நிலம் போகிறது என்பதை ஒருவர் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டால், பிறகு எத்தனை கூட்டம் போட்டாலும் அது ஆறாது. மடகாஸ்கரில் நடந்தது இதன் உச்சம். தென் கொரியாவின் டேவூ லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் அங்கே சுமார் 13 லட்சம் ஹெக்டேர் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கும் திட்டம் 2008 நவம்பரில் வெளிநாட்டுப் பத்திரிகை வழியாக வெளிச்சத்துக்கு வந்தது. ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த அரசியல் கொந்தளிப்பில் அது எண்ணெய் வார்த்தது. 2009 மார்ச்சில் அதிபர் ரவலோமனானா பதவி இழந்தார். அடுத்து வந்த ரஜோலினா திட்டத்தை ரத்து செய்தார். அங்கே எவ்வளவு திறமையான செய்திக் குறிப்பும் எதையும் காப்பாற்றியிருக்காது.

சரியான வரிசை இது: நில உரிமையாளர்களும் குத்தகைதாரர்களும், பிறகு உள்ளூர்ப் பிரதிநிதிகளும் களப்பணியாளர்களும், பிறகு உள்ளூர் நிருபர்கள், கடைசியில் பெரிய ஊடகங்கள். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவே ஓரிரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் நிலத் தரகர்கள் புகுந்துவிடுவார்கள். இதற்காகத்தான் கட்-ஆஃப் தேதி. இழப்பீட்டுக்குத் தகுதி பெற ஒருவர் எந்தத் தேதியில் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை முதல் அறிவிப்போடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும். உலக வங்கியின் சுற்றுச்சூழல், சமூகத் தரநிலைகள் 2018 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றில் 5-ஆம் தரநிலை, இந்தத் தேதியை எழுத்திலும் எழுத்தல்லாத வடிவிலும், உள்ளூர் மொழிகளில், குறிப்பிட்ட இடைவெளிகளில் திரும்பத் திரும்ப அறிவிக்கச் சொல்கிறது. நிலப் பத்திரம் இல்லாதவர்களுக்கும், நிலத்துக்கு இல்லாவிட்டாலும் இழந்த மற்ற சொத்துகளுக்கு, உதவி உண்டு என்பதும் அதிலேயே இருக்கிறது. ஏஜென்சியின் கையேட்டில் ‘நில உரிமையாளர்கள்’ என்ற சொல் மட்டுமே இருந்தால் அது அரைகுறைக் கையேடு. ஒரு கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் குத்தகைக்காரர்களாகவும் கூலிக்காரர்களாகவும் இருக்கலாம். அவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

செய்திக் குறிப்பு எழுதுவதில் ஏஜென்சிகள் கெட்டிக்காரர்கள். ஆனால் நிலச் செய்தியில் சறுக்குவது எண்ணில். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், பொறியியல் அறிக்கையின் 120 ஹெக்டேர் செய்திக் குறிப்பில் 120 ஏக்கர் ஆகிவிட்டால் 296 ஏக்கரில் 176 ஏக்கரை ‘மறைத்துவிட்டார்கள்’ என்பதுதான் மறுநாள் தலைப்பு. எழுத்துப்பிழை என்று சொல்லி யாரும் தப்ப முடியாது. ஆகவே பரப்பு, குடும்பங்களின் எண்ணிக்கை, சர்வே எண்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு ஒரே ஒரு எண் தாள். நிலப்பிரிவு அதிகாரி அதில் கையெழுத்திட வேண்டும். எந்தக் குறிப்பும் அதிலிருந்துதான் எண் எடுக்க வேண்டும்.

குறிப்பிலிருந்து வெட்டி எறிய வேண்டிய சொற்களும் உண்டு. ‘விரைவில்’ (தேதி சொல்லுங்கள், அல்லது எந்தப் படிக்குப் பிறகு என்று சொல்லுங்கள்). ‘உரிய இழப்பீடு’ (எந்தச் சட்டத்தின் எந்த விதிப்படி?). ‘பெரும்பாலானோர் சம்மதம்’ (எத்தனை பேரில் எத்தனை பேர், எதற்கு?). வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தைச் சம்மதக் கையெழுத்தாகக் காட்டுவது இந்தத் தொழிலின் மிக மோசமான பழக்கம். ஒருமுறை அம்பலமானால் அடுத்த கூட்டத்தில் பேனாவைத் தொடக்கூட ஆள் வராது.

பேக்கேஜின் உயிர்நாடி புகார்ப் பிரிவு. ஏஜென்சிகள் மிகக் குறைவாகச் செலவு செய்வதும் இதில்தான். ஒரு தொலைபேசி எண், ஒரு ஆபரேட்டர், ‘மேலே தெரிவிக்கிறோம்’ என்ற ஒரே பதில். இது புகாரைத் தீர்க்காது, கோபத்தைச் சேமித்து வைக்கும். ஒழுங்கான பதிவேட்டில் இவ்வளவாவது இருக்க வேண்டும்: வரிசை எண், தேதி, சர்வே எண், புகாரின் வகை, பொறுப்பு அதிகாரி, கெடு, தந்த பதில், புகார் கொடுத்தவர் அதை ஏற்றாரா இல்லையா. கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. அதனால் ‘95 சதவீதம் முடிக்கப்பட்டது’ என்று எழுத முடிகிறது. யார் பார்வையில் முடிந்தது? நிலம், பொறியியல், நிதி ஆகிய மூன்று பிரிவிலும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரின் பெயரைத் திட்ட அலுவலகம் தராவிட்டால் ஏஜென்சியைக் குறை சொல்லியும் பயனில்லை. புகார் கொடுக்கக் கட்டணம் கூடாது, பழிவாங்கல் கூடாது, நீதிமன்றம் போகும் உரிமையை அது பறிக்கக் கூடாது; உலக வங்கியின் 10-ஆம் தரநிலை சொல்வதும் இதுவே. கையெழுத்துப் போடும் முன் ஏஜென்சி நடத்தும் வேறொரு திட்டத்தின் எண்ணுக்கு மாலை ஏழு மணிக்கு அழைத்துப் பாருங்கள். வயலிலிருந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம் அது. மணி அடித்துக்கொண்டே இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

நில ஆவணம், மறு அளவை போன்ற நிர்வாகத் திட்டங்களில் ஊடகத்துக்குச் சின்னப் பங்குதான். மக்களுக்குத் தெரிய வேண்டியது இவைதான்: அளவையாளர் எந்தத் தெருவுக்கு எந்த நாளில் வருவார், பக்கத்து நிலக்காரரும் எல்லையில் நிற்க வேண்டுமா, வெளியூரில் இருப்பவர் யாரை அனுப்பலாம், கூட்டு உரிமையில் மனைவியின் பெயர் விடுபட்டால் எங்கே சொல்வது, ஆட்சேபணைக்குக் கடைசி நாள் எது. ஒலிபெருக்கியும் சுவரொட்டியும் குறுஞ்செய்தியுமே இதற்குப் போதும். இதற்குப் போய் ‘விழிப்புணர்வுக் குறும்படம்’ எடுப்பவர்களை நம்ப வேண்டாம்.

நெருக்கடித் திட்டத்தில் ஏஜென்சிகள் தேறிவிடுகின்றன. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வாக்கிய முதல் அறிக்கை (என்ன தெரியும், எது இன்னும் தெரியாது, அடுத்து எப்போது பேசுவோம்) என்பது நல்ல பழக்கம். மைக்கின் முன் நிற்பவர் முடிவெடுக்கும் அதிகாரியாக இருக்க வேண்டும், ஏஜென்சி ஆளாக அல்ல. எதிர்ப்பவர்களை ‘வெளியாட்கள்’ என்று எழுதித் தந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். கூட்டத்தில் நின்றவரின் அத்தையும் மாமனும் அதே ஊர். பொய் அன்றிரவே வெளுத்துவிடும். கூட்டங்களை வெட்டாமல் முழுதாகப் பதிவுசெய்து வைப்பதும் இதன் பகுதியே. வெட்டிய வீடியோ பரவும்போது முழுப் பதிவு ஒன்றுதான் பதில்.

மாத அறிக்கையில் ‘விளம்பர மதிப்பு’ என்றொரு பெரிய தொகை இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். வந்த செய்தியின் இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கும் கணக்கு அது. அது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று 2010-இல் பார்சிலோனா கோட்பாடுகள் வழியாக அளவீட்டுத் துறையினரே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதில் மூன்று கணக்கு கேளுங்கள்: 30 நாளைத் தாண்டியும் திறந்திருக்கும் புகார்கள், திரும்பத் திரும்ப வரும் முதல் பத்துக் கேள்விகள், சீட்டுக் குலுக்கித் தேர்ந்த குடும்பங்களில் தங்கள் நிலம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர். பேரம் பேசும்போது டிரோன் வீடியோவையும் சமூக ஊடகப் பக்கத்தையும் வெட்டி, அந்தப் பணத்தில் கிராமத்துக்கு ஒரு முழுநேரத் தொடர்பாளரைக் கேளுங்கள். காசு கொடுத்துச் செய்தி போடும் உருப்படி எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.