யாழ்ப்பாண நகரில் எங்கே, எந்த நேரத்தில் சாப்பிடலாம்

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, நண்டுக்கறி எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதைத்தான். 2014 ஒக்டோபரில் கொழும்பு ரயில் மீண்டும் நகருக்கு வரத் தொடங்கிய பிறகும், 2019இல் சென்னைக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலிக்கும் இடையே விமானம் பறக்கத் தொடங்கிய பிறகும், இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெருகினார்கள். அவர்களை நம்பித் திறந்த உணவகங்களும் பெருகின. என்னைக் கேட்டால், இந்த நகரத்துக் கடைகளின் பலம் மரக்கறிச் சாப்பாட்டில் இருக்கிறது, கடலுணவின் பலம் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நாளையும் நேரத்தையும் வகுத்துக்கொள்கிறவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

கடை என்று எடுத்துக்கொண்டால் நான் முதலில் அனுப்புவது கஸ்தூரியார் வீதியில் உள்ள மலாயன் கபேக்குத்தான். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பளிங்குக் கல் பதித்த மேசைகள், மரச் சட்டமிட்ட நீண்ட கண்ணாடி அலுமாரிகள், சுவரில் சுவாமி படங்கள் என்று அந்தக் காலத்துச் சாப்பாட்டுக்கடை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஆனால் பழமைக்காக மட்டும் அங்கே போகச் சொல்லவில்லை. காலையில் தோசையோ இடியப்பமோ கேட்டால், இலையைப் போட்டுச் சம்பலும் சாம்பாரும் ஊற்றிவிட்டு, நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே இரண்டாம் முறை கொண்டுவருகிற பரிமாறல் அங்கே இருக்கிறது. மதியத்தில் சோறு, பருப்பு, ஒரு வெள்ளைக்கறி, ஒரு குழம்பு, அப்பளம், மோர்மிளகாய் என்று வரும் எளிய சாப்பாட்டில் எந்தக் கறியும் மற்றதன் சுவையை விழுங்குவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்து, தபால் பெட்டியில் கடிதம் போடுவதைப் போலச் சுவரில் உள்ள துவாரத்துக்குள் நீங்களே போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். மதியம் பிந்திப் போனால் நல்ல கறிகள் தீர்ந்திருக்கும், ஆகையால் பன்னிரண்டரைக்கு முன்பே உட்கார்ந்துவிடுவது நல்லது.

யாழ்ப்பாண நகரை ஒட்டிய திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி உணவகம் வேறு வகையானது. விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு உள்ளூர்ப் பெண்கள் நடத்துகிற இந்த இடத்தில் மரக்கறி உணவு மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு அடுப்புக்கும் ஒருவர் பொறுப்பு. தோசை சுடுகிறவர் தோசையையும் அப்பம் சுடுகிறவர் அப்பத்தையும் உங்கள் கண்முன்னே செய்து தருவதோடு, விற்பனைப் பணமும் அவரவர் கைக்கே போகிறது. குரக்கன் புட்டு, உளுந்து வடை, இலைக்கஞ்சி போன்றவற்றை இவ்வளவு குறைந்த விலையில் வேறெங்கும் சாப்பிட முடியாது. கூட்ட நேரத்தில் இருக்கை கிடைப்பது சிரமம்தான், வரிசையும் நீளும். இருந்தும் பால் அப்பத்துக்காக அந்த வரிசையில் நிற்கலாம்: ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் தேங்காய்ப்பால் இன்னும் முழுதாக இறுகாமலும் இருக்கும்போதே சட்டியிலிருந்து எடுத்துத் தருவார்கள், ஆறவிடாமல் அங்கேயே நின்று சாப்பிட வேண்டும்.

இனி நண்டு. சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் விடுதி ஒன்றில் பெரிய விலை கொடுத்து நான் சாப்பிட்ட நண்டுக்கறி, தேங்காயின் முதற்பாலை அளவுக்கு மீறி ஊற்றி உறைப்பை அடித்துவிட்டிருந்த, இனிப்புக்கு நெருங்கிய ஒரு குழம்பு. வெளிநாட்டவர் தாங்கமாட்டார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். கேட்டுவிட்டுச் செய்தால் என்ன? வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூளின் வாசனையும், புளியின் பிடிப்பும், இறக்குவதற்குச் சற்று முன்பு கிள்ளிப் போடுகிற முருங்கையிலையும் சேர்ந்தால்தான் அது எங்கள் நண்டுக்கறி. அதைச் சாப்பிட ஒரு வழி சொல்கிறேன். வீட்டோடு சேர்ந்த சிறிய விருந்தினர் விடுதிகள் நகரில் நிறைய இருக்கின்றன. அப்படியொன்றில் தங்கி, முதல்நாள் மாலையே வீட்டு அம்மாவிடம் சொல்லிவைத்தால், காலையில் பாசையூரிலோ குருநகரிலோ உயிர் நண்டாகப் பார்த்து வாங்கி மதியத்துக்குச் சமைத்துத் தருவார். சோற்றைவிடப் புட்டுடன் சாப்பிடுவதுதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் குழம்பைப் புட்டு முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது.

ஒடியல் கூழுக்கும் இதே வழிதான், அதற்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரைப் பல தடவை வடித்தால்தான் அதன் கசப்புப் போகும். பிறகு மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில் வேக, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த மாவும் கடைசியில் சேரும். இரண்டு பேருக்காக எவரும் கூழ் காய்ச்சமாட்டார்கள். ஆகவே ஆறேழு பேராக வருகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், தனியாக வருகிறவர் யாராவது காய்ச்சுகிற வீட்டில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். சில உணவகங்களில் கிண்ணத்தில் தருகிற கூழ் பெரும்பாலும் மாவு கூடிப்போன சூப்பாகவே இருக்கிறது.

ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களில் வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைப்பதில்லை. அப்போது வீட்டு நண்டுக்கறி கேட்பது முறையல்ல. அதற்குப் பதிலாகக் கோயில் வீதியில் உள்ள மாங்கோஸில் சாப்பிடலாம், சுத்தமான இடம், குறை சொல்ல முடியாத தோசை. மாலையானால் கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள ரியோவில் ஐஸ்கிரீம் சாப்பிடுவது ஊர் வழக்கம். நிறமும் இனிப்பும் என் சுவைக்குக் கூடுதல்தான், ஆனாலும் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒரே மேசையைச் சுற்றியிருக்கிற அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

பசியில்லாத நேரத்துக்கும் உணவு இருக்கிறது. தேநீர்க் கடைகளில் பின்னேரம் சூடாகப் போடுகிற, மிதிவெடி என்று பெயர் பெற்ற பொரித்த ரோல்ஸ் ஒன்று போதும், இரவுச் சாப்பாட்டைப் பிற்போட்டுவிடலாம். சந்தையில் பனையோலைக் குட்டானில் விற்கும் பனங்கட்டியை வாங்கிவைத்து, சீனி போடாத சாயத்தண்ணியோடு (பால் சேர்க்காத தேநீர்) கடித்துக் குடித்துப் பாருங்கள். வைகாசி, ஆனி மாதங்களில் வருகிறவர்கள் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மறக்கக்கூடாது.

ஒரு முழு நாள் மிச்சம் இருந்தால் பருத்தித்துறைக்குப் போய்வாருங்கள். ஓடக்கரையில் வீட்டிலேயே தோசை சுட்டு விற்கிற பெண்களிடம் சம்பலோடு வாங்கிச் சாப்பிடலாம், மிளகாயும் உளுந்தும் தெரிகிற தட்டைவடையைப் பையில் கட்டிக்கொண்டும் வரலாம். தட்டைவடை பல நாட்கள் கெடாமல் இருக்கும், ஊருக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல பலகாரம் இந்தப் பக்கத்தில் இல்லை.