டீசல் இறுகி நடுறோட்டில நிண்டன்: "குளிர்காலப் பக்கேஜ்" எண்டு 1,260 டொலர் வாங்கின கராஜ். ட்ரக் ஓடுற ஆக்கள் வாசியுங்கோ

இண்டைக்குப் பின்னேரம் அந்தக் கராஜுக்குப் போயிட்டு நேர வீட்டை வந்து எழுதுறன். கோவம் ஆறினா எழுதமாட்டன், அதுதான் இப்பவே. பேர் எழுதேல்லை. ரொறன்ரோப் பக்கம் பெரிய ட்ரக் திருத்துற, எங்கட ஆக்களின்ர கராஜ் ஒண்டு எண்டு விளங்கினாக் காணும்.

அட்லாண்டாவில இருந்து லோட் கொண்டுவந்தனான். ரெண்டு டாங்கியும் அங்க ஜோர்ஜியாவிலதான் நிரப்பினது, கிட்டத்தட்ட 1,100 லீற்றர். இஞ்ச வந்து சேரேக்க அரைவாசி மிச்சம். அடுத்த லோட் ஹைவே 11 ஆல, ஒன்ராறியோவின்ர வடக்கில இருக்கிற தண்டர் பேக்கு. தெற்கில அடிச்ச டீசல் வடக்குக் குளிருக்கு நிக்காது எண்டு 9 வருசமா ஓடுற எனக்குத் தெரியும். டீசலுக்குள்ள மெழுகு இருக்கு. குளிரக் குளிர அது மணிமணியாத் திரண்டு பில்டரை அடைக்கும். கனடாவில விக்கிறவை இடத்துக்கும் மாதத்துக்கும் ஏத்தமாதிரி டீசலை மாத்தி விப்பினம். ஜோர்ஜியாவில அந்தக் குளிருக்கு ஆரும் டீசல் செய்யிறேல்லை. தெரிஞ்சபடியாத்தான் கராஜுக்கே போனனான்.

கராஜ் முதலாளிப் பெடியனுக்கு என்ர தம்பியின்ர வயசு. பிளேன்ரீ ஊத்தித் தந்து ஊர் எது எண்டு கேட்டான். பக்கத்து ஊர். அதோட என்ர மனம் இளகிப்போச்சு, உண்மையைச் சொல்லுறன். "அண்ணை, பில்டர் ரெண்டும் புதுசாப் போட்டு, தண்ணி வடிச்சு, டீசல் இறுகாம இருக்கிற மருந்தும் விட்டுத் தாறன். மைனஸ் 40 எண்டாலும் ஓடும். நான் இருக்கிறன்தானே" எண்டு வெள்ளைக் கலன் ஒண்டைத் தூக்கிக் காட்டினவன். "இஞ்சத்த டீசல் ஒரு 300 லீற்றர் மேல அடிச்சுக்கொண்டு போகட்டோ?" எண்டு கேட்டனான். "வீண் காசு அண்ணை" எண்டான். நான் அடிக்கேல்லை. 1,260 டொலர் காசா எண்ணிக் குடுத்தன். ரசீது வாட்ஸ்அப்பில வரும் எண்டான். இண்டை வரைக்கும் வரேல்லை.

போற வழியில கப்புஸ்கேசிங் தாண்டி, ஹேர்ஸ்ட் எண்ட ஊர் வர முதல், விடிய நாலு மணி. மைனஸ் 36. ஏத்தம் ஒண்டில மிதிக்க மிதிக்க இழுவை இல்லை. கொஞ்ச நேரத்தில எஞ்சின் தானா நிண்டுது. எஞ்சின் நிண்டா ஹீற்றரும் இல்லை. ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல போர்வைக்குள்ள கிடந்தன். மூச்சு கண்ணாடியில பனியாப் படிஞ்சுது, கால்விரல் விறைச்சுப் போச்சு. வீட்டுக்கு எடுத்துச் சொல்லவும் மனம் வரேல்லை, மனுசி பயந்திடுவா.

இழுத்துக்கொண்டு போய் ஹேர்ஸ்டில சூடான கொட்டிலுக்குள்ள விட்டினம். பிரெஞ்சு கதைக்கிற வயசான மெக்கானிக். பில்டரைக் கழட்டிக் கையில தந்தார். உள்ளுக்க, மாரியில குசினித் தட்டில உறைஞ்சு கிடக்கிற தேங்காயெண்ணெய் மாதிரி வெள்ளையா அப்பிக் கிடந்தது. வெளிப்பக்கம் திருப்பினன். மஞ்சள் மார்க்கரால "ஓகஸ்ட் 14" எண்டு எழுதியிருந்தது. என்ர கையெழுத்து. ஓகஸ்டில நானே மாட்டின பில்டர் அது! மற்றதும் அப்பிடித்தான். கழட்டிக்கூடப் பாக்கேல்லை அவன். மருந்து விட்டானோ எண்டது அவனுக்குத்தான் வெளிச்சம். விட்டிருந்தாலும் ரெண்டு இரவு யார்டில குளிருக்க நிண்டு ஏற்கனவே மங்கின டீசலுக்கு மேலதான் விட்டிருப்பான். மெழுகு திரள முதல் விட்டாத்தான் அது வேலை செய்யும், திரண்டாப் பிறகு இல்லை.

இழுத்தது, கொட்டில், பில்டர், இறுகினதைக் கரைக்கிற மருந்து எல்லாம் 2,400. லோட் பிந்தினதுக்கு 600 வெட்டிப்போட்டாங்கள். அதோட அவனுக்குக் குடுத்த 1,260. மொத்தம் 4,260 டொலர். ஒரு மாத வீட்டுக் காசு.

அண்டைக்கே கராஜ்காரனுக்கு போன் எடுத்தன். "அண்ணை, குளிருக்கு நான் என்ன செய்ய?" எண்டான். பில்டர்ப் படம் அனுப்பினன். ரெண்டு நீலக்கோடு விழுந்தது, மறுமொழி இல்லை. அடுத்தநாள் வேற ஒரு பெடியன் எடுத்து, முதலாளி ஊருக்குப் போயிட்டார் எண்டான். இண்டைக்கு நேர போனன். ஊருக்குப் போன முதலாளி கண்ணாடிக்குப் பின்னால இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பில்டரை மேசையில வைச்சன். "இது எங்கட இல்லை. ரசீது இருக்கோ?" எண்டு கேட்டான். முந்தி "அண்ணை, அண்ணை" எண்டவன், இண்டைக்கு ஒருக்காலும் அண்ணை எண்டேல்லை.

என்ன செய்யவேணும் எண்டு விரிவா எழுதத்தான் நினைச்சனான், கை நடுங்குது. சுருக்கமாச் சொல்லுறன். தெற்கு டீசலோட வடக்க ஏறாதேங்கோ. டாங்கியில டீசல் குறைஞ்ச உடன இஞ்சத்தக் குளிர்கால டீசலை மேல அடியுங்கோ, ஆர் வீண் காசு எண்டாலும். மருந்தை டீசல் சூடா இருக்கேக்க நீங்களே விடுங்கோ, அதுக்கு மேல டீசல் அடிச்சாத்தான் நல்லாக் கலக்கும். பில்டரில நிக்கிற தண்ணியை வடியுங்கோ, அதுவும் உறைஞ்சு அடைக்கும். மாத்துப் பில்டர் ரெண்டு எப்பவும் ட்ரக்கில வைச்சிருங்கோ. மாத்தினதெண்டு ஆர் சொன்னாலும் பழைய பில்டரைக் கையில வாங்குங்கோ. ரசீது இல்லாம ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

அதே கராஜில காசு குடுத்து இப்பிடி நடந்த ஆக்கள் இருந்தா எனக்குத் தனியா எழுதுங்கோ. பில்டர் ரெண்டையும் பையில கட்டி வைச்சிருக்கிறன். வியாழக்கிழமை திரும்ப வடக்குக்கு லோட் இருக்கு.