சென்னை துரைப்பாக்கத்தில் ஒரு டேகேர்: எட்டு மாதம் அனுப்பிய பிறகு

பெயரைப் போடவில்லை, நாளைக் காலையும் என் மகன் அங்கேதான் போயாக வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்துகிறார்கள். ஒன்றேகால் வயதில் சேர்த்தேன். மாதம் 9,500 ரூபாய், டயப்பரும் சாப்பாடும் நம்முடையது.

ஆயாம்மா தங்கம். வீட்டில் இவனுக்கு ஒரு வாய் தயிர்சாதம் ஊட்ட நிலா, காக்கா எல்லாம் வர வேண்டும். அங்கே ஆறு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து உருட்டி உருட்டிக் கையில் வைக்கிறார், டப்பா காலி. சாயங்காலம் முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துத்தான் அனுப்புவார். முதல் வாரம் அவன் தலையில் வேறு எண்ணெய் வாசம் வந்தபோது கொஞ்சம் வலித்தது, அப்புறம் பழகிவிட்டது.

போர்டில் 7 மணி வரை என்றுதான் இருக்கிறது, ஆனால் 6.30க்கே பையை மாட்டிப் பிள்ளையை கேட் பக்கம் கொண்டுவந்துவிடுகிறார்கள். 7 தாண்டினால் கால் மணிக்கு 100 ரூபாய். ஓஎம்ஆர் சாலையில் மெட்ரோ வேலை நடக்கிற லட்சணத்தில் இது தனிச் செலவு.

இதைவிட எரிச்சல் ஃபோன். ஃபார்மில் முதல் நம்பர் என் கணவருடையது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர், ஐந்து நிமிட நடை. ஆனால் காய்ச்சல், வாந்தி, டயப்பர் தீர்ந்துபோச்சு, எல்லாம் தரமணியில் மீட்டிங்கில் இருக்கும் எனக்குத்தான். கேட்டால், "சாரை எதுக்கு மேடம் தொந்தரவு பண்ணணும்?" மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஃபார்மில் இருந்த என் நம்பரையே அடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் காய்ச்சல். அவருக்கு ஃபோன் போட்டு என் நம்பரைக் கேட்டிருக்கிறார்கள். அவரும் கொடுத்திருக்கிறார்!

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தப்படி 26 வாரம் சம்பளத்தோடு லீவு எனக்குக் கிடைத்தது, மறுக்கவில்லை. அதே திருத்தம்தான் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குக் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. எங்கள் ஆபீஸில் அது சர்க்குலரோடு சரி. தரமணிக்கும் துரைப்பாக்கத்துக்கும் நான்கு முறை போய் வந்தால் வேலையை யார் பார்ப்பது?

சேர்க்க நினைக்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மதியம் 1 மணிக்குப் போய்ப் பாருங்கள், சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். ஆயா எத்தனை வருடமாக இருக்கிறார் என்றும் கேளுங்கள்.

ஆயாம்மாவுக்கு ஐந்து ஸ்டார், டேகேர் ஆபீஸ் ரூமுக்கு இரண்டு. இடம் மாற்றுவேனா என்றால் மாட்டேன், ஆயாம்மா வேறு எங்காவது போனால் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போவேன்.