மரச்சொப்பா, பேட்டரி கிச்சன் செட்டா?

நான்கு வயது மகளுக்கு விளையாட்டுச் சமையல் சாமான் தேடியபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அம்பாசமுத்திரத்தில் கடைந்து வண்ணமேற்றிய மரச்சொப்பு. மற்றொன்று, பொத்தானை அழுத்தினால் விளக்கெரிந்து, எண்ணெய் பொரியும் ஓசை எழுப்பும் பிளாஸ்டிக் கிச்சன் செட். சொப்பை வாங்கினோம், மற்றது பிறந்தநாள் பரிசாக வந்து சேர்ந்தது. என் சாய்வு சொப்பின் பக்கமே.

முதல் வாரக் கவர்ச்சியில் கிச்சன் செட்டை எதுவும் வெல்லாது. கழுவுவதும் எளிது. சொப்பை நீரில் ஊறவிடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: ஒரு துண்டு தொலைந்தால் விளையாட்டு என்னவாகிறது? கிச்சன் செட்டின் அடுப்பு, தனக்கென வார்த்த வாணலியை வைத்தால் மட்டுமே ஓசை எழுப்பும். வாணலி காணாமற்போன அன்று "அடுப்பு கெட்டுப்போச்சு" என்று எங்களிடம் முறையிட்டுவிட்டு அவள் எழுந்துவிட்டாள். சொப்பில் இட்லிப் பானையின் மூடி தொலைந்தபோது கொட்டாங்குச்சி மூடியானது. ஆட்டுக்கல்லின் குழவி கைக்குட்டைக்குள் சுருண்டு உறங்கும் பாப்பாவானது. குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் பிள்ளை, கண்ணெதிரே உள்ள பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933ஆம் ஆண்டு உரையொன்றில் விளக்கியது இதைத்தான். ஓவியமும் இந்தக் குறையிலிருந்தே தொடங்கியது: சொப்பில் காய்கறி இல்லாததால் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் ஊதா நிற முருங்கைக்காய்களை வரைந்து கிழித்துப் போட்டுச் சாம்பார் வைத்தாள், அடுத்து ஓட்டலுக்கு விலைப்பலகையும் ரூபாய் நோட்டுகளும் வந்தன. கிச்சன் செட்டோடு காய்கறிகள் அச்சு அசலாகவே வந்துவிட்டதால், வரைய வேண்டிய தேவையே எழவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே பிள்ளை. பல பிள்ளைகள் கூடும் வீட்டில் பேட்டரி அடுப்பும் வேறு விதமாகப் பயன்படக்கூடும்.

சொப்பு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயமானாலும், பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முத்திரை இல்லாத சொப்பில் பூசியிருப்பது அரக்கா, பெயிண்டா என்று கடைக்காரரிடம் கேட்டறிந்து வாங்குவது நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், வாய்க்குள் அடங்கும் சிறு கரண்டிகளையும் மூடிகளையும் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.