கேபிலரி வால்வா, ஏர் வால்வா? ஸ்டீம் தொட்டிக்கு எதைப் போடலாம்

ஆயிரம் லிட்டர் வெந்நீர்த் தொட்டி. உள்ளே ஸ்டீம் ஓடும் சுருள்குழாய் (காயில்), வருவது 3 பார் அழுத்த ஸ்டீம், தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். சிங்கப்பூரில் துவாஸ், செனோக்கோ பக்கம் உணவுத் தொழிற்கூடங்களில் இது சர்வசாதாரணம். ஹோட்டல் பிளாண்ட் ரூமிலும் இதே கதைதான். வால்வை மாற்றும் நேரம் வந்தால் மேசைக்கு மூன்று கொட்டேஷன் வரும். தண்ணீரின் சூட்டை உணரும் குமிழும் (பல்பு) அதிலிருந்து வரும் மெல்லிய குழாயும் (கேபிலரி) வைத்துத் தானாகவே இயங்கும் வால்வு, கம்ப்ரஸர் காற்றில் ஓடும், வால்வைச் சொன்ன அளவுக்குத் திறந்து நிறுத்தும் பொசிஷனர் வைத்த ஏர் வால்வு, மோட்டார் வைத்த எலெக்ட்ரிக் வால்வு. இந்த மாதிரித் தொட்டிக்கு நாங்கள் போட்டது கேபிலரி. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

விலையில் பேச ஒன்றுமில்லை. கேபிலரி வால்வு ஒரே பெட்டியில் முழுசாக வந்துவிடும். ஏர் வால்வுக்குப் பொசிஷனர், கன்ட்ரோலர், சென்சர், ஃபில்டர் ரெகுலேட்டர், டியூபிங், ஒயரிங் எல்லாம் தனித்தனிக் கணக்கு. எலெக்ட்ரிக் நடுவில் எங்கோ நிற்கும்.

துல்லியத்தில் ஏர் வால்வுதான் கெட்டிக்காரன், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கேபிலரியில் பல்புக்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து, மெல்லிய குழாய் வழியாகத் தள்ளி, வால்வின் தண்டான ஸ்டெம்மை அழுத்தி வால்வை மூடுகிறது. அது மறுபடி திறக்க வேண்டுமென்றால் தண்ணீர் கொஞ்சம் ஆறியே ஆக வேண்டும். அதனால் ஆள் யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் 64, காலை ஷிப்டில் எல்லாக் குழாயும் திறந்திருக்கும்போது 60 என்று மூன்று நான்கு டிகிரி ஆடும். வெந்நீர்த் தொட்டிக்கு அந்த ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. லீஜியோனெல்லா கிருமிக்காக 60-க்குக் கீழே விடக்கூடாது என்றால், வெப்பநிலை வைக்கும் நாப்பை அதற்குத் தகுந்தாற்போல் ஏற்றிவைத்து, சுமை அதிகமான நேரத்தில் தெர்மாமீட்டரில் 60 காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். சுமை இல்லாத நேரத்தில் 60 காட்டுகிறது என்று திருப்திப்பட்டுப் போனால்தான் தப்பு.

ஆகவே துல்லியமோ விலையோ இதைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது காற்று. சிங்கப்பூர்க் காற்று.

கணக்கைப் பாருங்கள். 31 டிகிரியில், ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும்போது, ஒரு கன மீட்டர் காற்றில் கிட்டத்தட்ட 25 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதைக் கம்ப்ரஸர் 7 பாருக்கு அழுத்தி, அதன் பின்னால் காற்றைக் குளிரவைக்கும் ஆஃப்டர்கூலர் மறுபடி 31 டிகிரிக்குக் கொண்டுவந்தால், காற்றின் பருமன் எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்தச் சின்ன இடத்தில் 4 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மிச்சம் 21 கிராம் தண்ணீராகக் கீழே விழ வேண்டியதுதான். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் இழுக்கும் சின்னக் கம்ப்ரஸரே மணிக்கு ஒன்றேகால் லிட்டர், எட்டு மணி நேர ஷிப்டில் பத்து லிட்டர் தண்ணீர் கொட்டும். அந்த வாளித் தண்ணீரை ஆட்டோ டிரெயின் ஒழுங்காக வெளியே தள்ளினால் நல்லது. அடைத்துக்கொண்டால் அது லைனுக்குள்ளேதான் போகும்.

டிரையர் இருக்கிறதே என்பார்கள். ரெஃப்ரிஜிரேட்டட் டிரையர் 3 டிகிரி டியூ பாயின்ட் (அதற்குக் கீழே குளிர்ந்தால்தான் தண்ணீர் இறங்கும்) கொடுத்தால் இந்த ஊர் வெப்பத்துக்கு அது தாராளம். ஆனால் டிரையரின் கண்டென்சரில் மாவுத்தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, அது பேருக்கு ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் நிறைய. வெளியே கேஜ் 7 பார் காட்டும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். காற்று லைன் ஏர்கான் போட்ட பேக்கிங் ஹால் வழியாகப் போனால் கேட்கவே வேண்டாம். 20 டிகிரி ஹாலுக்குள் நுழைந்ததும் குழாய்க்குள்ளேயே, கம்ப்ரஸர் இழுத்த ஒவ்வொரு கன மீட்டருக்கும் இன்னும் ஒன்றே முக்கால் கிராம் தண்ணீர் இறங்கும். ஹாலைத் தாண்டி, லைன் கீழே வளையும் இடத்தில், சரியாக வால்வுக்கு முன்னால் அது குளமாகத் தேங்கும்.

அங்கிருந்து பொசிஷனருக்கு எத்தனை தூரம்? அதன் நாசிலும் சிக்னலைக் காற்றழுத்தமாக மாற்றும் ஐபி கன்வர்ட்டரின் நாசிலும் ஊசித் துளை. தண்ணீரும் கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்த வெண்ணெய் போன்ற குழம்பு அங்கே ஒட்டினால் வால்வு உடனே நிற்காது. அதுதான் தொல்லை. முதலில் சீரோ நகரும். கன்ட்ரோலரின் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலில் நடுவான 12 கொடுத்தால் பாதி திறக்க வேண்டிய வால்வு 40 விழுக்காட்டில் நிற்கும். கன்ட்ரோலர் அதை ஈடுகட்டிக்கொண்டே போவதால் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் தண்ணீர் 50, 70 என்று ஊஞ்சலாடத் தொடங்கும். பிஐடி செட்டிங் (கன்ட்ரோலர் எவ்வளவு, எத்தனை வேகமாக ஈடுகட்ட வேண்டும் என்பது) சரியில்லை என்று யாராவது கன்ட்ரோலரை நோண்டுவார்கள். கோளாறோ ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும்.

ஏர் வால்வு போட்டிருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஃபில்டர் கிண்ணத்தை வாரம் ஒருமுறை கையால் வடிக்க வேண்டும். காற்றை மெயின் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், அடியிலிருந்து எடுக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் கொடுத்து ஐபி வெளியே 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 பார் தருகிறதா, ஸ்டெம் கால், அரை, முக்கால் என்று நகர்கிறதா என்று ஏறும்போதும் இறங்கும்போதும் எழுதிவைக்க வேண்டும். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று என்றால் ஸ்டெம்மைச் சுற்றியுள்ள கிளாண்ட் பேக்கிங் இறுக்கம், அல்லது ஸ்டெம்மில் கீறல். வால்வை அசைக்கும் தலையான ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் ரப்பர்தான். ஸ்டீம் குழாயின் சூடு மேலே ஏறி அதை மொறுமொறுவென்று ஆக்கிவிடும். சோப்புத் தண்ணீர் பூசினால் விளிம்பில் நுரை கிளம்பும். இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னிஷியன் முழுநேரம் இருக்கிற பெரிய ஆலையில் இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. இரண்டு ஃபிட்டர், ஒரு சூப்பர்வைசர் என்று ஓடும் இடத்தில் மூன்றாம் மாதமே விட்டுப்போகும்.

கேபிலரிக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. காற்று வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஸ்ட்ரெய்னரைக் கழுவினால் போதும். ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை உண்டு, கொட்டேஷனில் யாரும் எழுத மாட்டார்கள். கேபிலரி உடைந்து திரவம் வெளியேறிவிட்டால் வால்வை மூட ஆள் இல்லை. சூடாக்கும் வால்வு முழுசாகத் திறந்தபடியே நிற்கும். தொட்டித் தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் ஸ்டீம் போய்க்கொண்டே இருக்கும். ஏர் வால்வில் ஸ்பிரிங் மூடும் வகையை வாங்கினால் காற்றுப் போனதும் மூடிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் ஏர் வால்வுக்கே ஓட்டு.

அதனால் கேபிலரி வால்வைத் தனியாகப் போடாதீர்கள். அதற்கு முன்னால், அதே ஸ்டீம் லைனில், தன் சொந்த சென்சருடன் ஒரு ஹை லிமிட் கட் ஆஃப் வால்வு இருக்க வேண்டும். 75 டிகிரியில் மூடி, கையால் ரீசெட் செய்தால்தான் திறக்கும் வகை நல்லது. தானாகத் திறந்துகொள்ளும் வகை என்றால் கேபிலரி செத்துப்போனதே யாருக்கும் தெரியாமல் அது மாதக்கணக்கில் மூடித் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் கட் ஆஃபையும் சேர்த்தால் கேபிலரியின் விலை ஏறத்தான் செய்யும். அப்போதும் ஏர் வால்வு செட்டைவிடக் குறைவுதான்.

எந்த வால்வு வாங்கினாலும் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது சைஸில். லைன் ஒரு அங்குலம், ஆகவே வால்வும் ஒரு அங்குலம் என்று ஆர்டர் போடுவது. மேலே சொன்ன தொட்டியை 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஒரு மணி நேரத்தில் ஏற்ற, ஏறக்குறைய 35 கிலோவாட், அதாவது மணிக்கு 59 கிலோ ஸ்டீம் வேண்டும். 3 பார் கேஜ் என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, 4 பார் அப்சல்யூட். வால்வுக்கு அப்பால் அழுத்தம் அதில் 58 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், 12 பெருக்கல் கேவி (வால்வு எவ்வளவு விடும் என்ற திறன் எண்) பெருக்கல் 4 என்பதுதான் கிலோ கணக்கு. கேவி 1.23 வருகிறது. அடுத்த சைஸ் 1.6, அரை அங்குல வால்வில் தாராளமாகக் கிடைக்கும். ஒரு அங்குல வால்வின் கேவி 10 வாக்கில் இருக்கும். அதைப் போட்டால் எப்போதும் ஒரு நூலளவு திறந்தே ஓடி, ஈரமான ஸ்டீம் அந்த இடுக்கில் சீறிச் சீறி வால்வு மூடி உட்காரும் சீட்டில் கத்தியால் கீறியதுபோல் வரி போட்டுவிடும். அதற்குப் பிறகு மூடினாலும் மூடாது, இரவெல்லாம் தொட்டி சூடேறும். குழாயைச் சின்னதாக்கும்போது ரெட்யூசர் எக்சென்ட்ரிக் வகையாக, தட்டைப் பக்கம் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படியில் ஸ்டீம் ஆறிய தண்ணீர் (கண்டென்சேட்) தேங்கி, ஸ்டீம் அதைத் தள்ளி, குழாயில் சம்மட்டிபோல் வாட்டர் ஹேமர் அடிக்கும்.

டபுள் சீட் கேபிலரி வால்வை யாராவது காட்டினால் இந்த வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரிய லைனில் அழுத்தத்தைச் சமாளிக்கத்தான் அது. முழுசாக மூடவே மூடாது.

பொருத்தும்போது கேபிலரி வால்வுக்குத் தேவை கொஞ்சம் மரியாதை. வால்வு போக வேண்டிய இடத்தில் முதலில் ஒரு குழாய்த் துண்டை மாட்டி, லைனை ஸ்டீமில் நன்றாக ஊதிவிட வேண்டும். வெல்டிங் மணியும் பி.டி.எஃப்.இ டேப் துணுக்கும் சீட்டில் சிக்கினால் புது வால்வே முழுசாக மூடாமல் ஸ்டீமை விடும். ஸ்ட்ரெய்னரின் கூடையைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். தொங்கவிட்டால் அதில் தண்ணீர் நிறைந்து பாதிச் சல்லடை வீணாகும். ஆக்சுவேட்டரைக் குழாய்க்குக் கீழே தொங்கவிடும்படிதான் பெரும்பாலும் கையேடு சொல்லும், ஸ்டீம் சூட்டிலிருந்து உள்ளே விரிந்து சுருங்கும் பெல்லோஸைக் காப்பாற்ற. ஏர் வால்வு நேர்மாறு, தலை மேலே. அதன் மேல்மூடியான பானெட்டைச் சூடு காக்கும் லேக்கிங்கால் மூடிவிடாதீர்கள்.

பல்பு முழு நீளமும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். தொட்டியின் மூலையில் தேங்கிய தண்ணீரிலும் வேண்டாம், காயிலை ஒட்டியும் வேண்டாம். தொட்டியில் பதித்த பல்பு உறையான பாக்கெட்டில் செருகும்போது இடையில் காற்று இருந்தால் வால்வு தூங்கி வழியும். வெப்பம் கடத்தும் பேஸ்டைப் பாக்கெட்டுக்குள் நிரப்பி, பல்பை மெதுவாக இறக்கினால் பேஸ்ட் விளிம்பு வரை பிதுங்கி வர வேண்டும். கேபிலரியை வெட்டவோ ஒட்டவோ முடியாது. எட்டு மீட்டர் வாங்கி மூன்று மீட்டர் போதும் என்றால் மிச்சத்தைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருட்டிக் கட்டுங்கள். ஸ்டீம் குழாயில் உரசாமல், ஆள் கால் வைக்கும் உயரத்தில் இல்லாமல், கூர்மையாக மடியாமல். பாக்கெட் நட்டை இறுக்கும்போது ஒருவர் பல்பு பக்கத்தைப் பிடிக்க, ஒருவர் ஸ்பானர் போட வேண்டும். தனி ஆளாகச் செய்தால் கேபிலரி முறுக்கிக்கொள்ளும். சூடாக்கும் வேலைக்கு, சூடு ஏறினால் மூடும் மாடல்தானா என்று பிளேட்டைப் படியுங்கள். குளிரவைக்கும் மாடல் வெளியே பார்க்க அச்சு அசல் இதேபோல் இருக்கும்.

எலெக்ட்ரிக் வால்வைப் பற்றிக் கொஞ்சம். காற்று பிரச்சினை இல்லை, துல்லியமும் உண்டு. ஆனால் சாதாரண மாடல் கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்பிரிங் ரிட்டர்ன் வகையைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். குளிர்நீர் லைனில் அவை நன்றாக ஓடுவதைப் பார்த்ததுண்டு. ஸ்டீம் லைனுக்கு மேலே, சூட்டில், பல வருடம் ஓடியதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை. அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஏர் வால்வுதான் வேண்டும் என்ற இடமும் உண்டு. பாஸ்ச்சரைசர் மாதிரி ஒரு டிகிரி முக்கியமான இடம், மணிக்கு மணி செட் பாயின்ட் மாறும் பேட்ச் வேலை, ரெக்கார்டரில் வரைபடம் கேட்கும் ஆடிட், தட்டு வெப்பப் பரிமாற்றி போல் நொடியில் சூடு மாறும் கருவி. அங்கே கேபிலரி போட்டால் அது விழிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

மனிதவள அமைச்சின் விதிப்படி ஸ்டீம் பாய்லருக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை, ஸ்டீம் ரிசீவருக்கும் ஏர் ரிசீவருக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. பாய்லர் நிற்கும் அந்த நாளில் லாக் போட்டு, டேக் மாட்டி, பெர்மிட் வாங்கி, ஸ்ட்ரெய்னர் சல்லடையைக் கழட்டிக் கழுவிவிடலாம். பாய்லர் மறுபடி கிளம்பிய பிறகு பல்பைப் பாக்கெட்டிலிருந்து உருவி, செட்டிங்கைவிட 15 டிகிரி கூடுதலான வெந்நீர் வாளியில் முக்குங்கள். ஓரிரு நிமிடத்தில் வால்வுக்கு அப்பால் இருக்கும் கேஜ் சரிந்து சுழிக்கு வர வேண்டும். இறங்கி, பாதியில் நின்றுவிட்டால் சீட்டில் வரி விழுந்திருக்கிறது. அசையவே இல்லையென்றால் திரவம் போய்விட்டது. ஸ்டோரில் பல்பு, கேபிலரி, ஆக்சுவேட்டர் சேர்ந்த ஒரு முழு தெர்மோஸ்டாட் செட் இருப்பது நல்லது, உள்ளே பிரித்துச் சரிசெய்ய அதில் எதுவும் கிடையாது.